கணக்கு 58, அறிவியல் 81: ப்யூர் பிசிக்ஸ் எடுக்கலாமா?

ஈசூன் அம்மா
14 அக்டோபர் 2025, இரவு 9.52

மகள் சிங்கப்பூரில் உயர்நிலை 2, எல்லாப் பாடமும் ஜி3 (மூன்று நிலைகளில் மேல்நிலை). ஆண்டிறுதித் தேர்வில் கணக்கு 58, அறிவியல் 81. பாடத் தெரிவுப் படிவத்தை அடுத்த வாரக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். ப்யூர் பிசிக்ஸ், ப்யூர் கெமிஸ்ட்ரி (தனித்தனிப் பாடமாக இயற்பியல், வேதியியல்) இரண்டும் எடுக்கலாம், ஏ மேத்ஸ் (கூடுதல் கணிதம்) மட்டும் யோசித்து எடுங்கள் என்கிறது பள்ளி. "கணக்கு வராத பிள்ளைக்கு இயற்பியல் வரவே வராது, கம்பைன்ட் சயின்ஸ் (இரண்டையும் சேர்த்த ஒரே பாடம்) போதும்" என்று வீட்டுப் பெரியவர் அடித்துச் சொல்கிறார். அவர் சொல்வது சரியா? இயற்பியல் ஓட எவ்வளவு கணக்கு வேண்டும்?

வெண்கட்டி
14 அக்டோபர் 2025, இரவு 10.40

அம்மா, 58 வெறும் கூட்டுத்தொகை. மீதி 42 எந்தப் பகுதியில் போனது என்று விடைத்தாளை எடுத்துப் பாருங்கள். கோணங்கள், சர்வசம முக்கோணங்கள், நிகழ்தகவு, சராசரி என்று போயிருந்தால் உயர்நிலை இயற்பியலுக்குப் பெரிய சேதமில்லை. விகிதம், சூத்திரத்தை மாற்றி எழுதுவது, வரைபடம் வாசிப்பது, அலகு மாற்றம் ஆகியவற்றில் போயிருந்தால் உடனே கவனிக்க வேண்டும். உயர்நிலை 3, 4 இயற்பியலில் வரும் கணக்கு பெரும்பாலும் இந்த நான்குக்குள் அடங்கும். கூடவே பத்தின் அடுக்குகள், ஒளிவிலகலில் கொஞ்சம் சைன். நுண்கணிதமும் மடக்கையும் கிடையாது.

கீழே உள்ள ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கால்குலேட்டர் வேண்டாம், நேரக் கட்டுப்பாடும் வேண்டாம்.

1. இயக்க ஆற்றல் = ½ × நிறை × வேகத்தின் வர்க்கம். காரின் வேகம் இரண்டு மடங்கானால், அதே அழுத்தத்தில் பிரேக் பிடிக்கும்போது நிற்பதற்குள் ஓடும் தூரம் எத்தனை மடங்காகும்?

2. 3 சதுர சென்டிமீட்டர் என்பது எத்தனை சதுர மீட்டர்?

3. மேலே சொன்ன இயக்க ஆற்றல் சூத்திரத்தில் வேகத்தை மட்டும் இடப்பக்கம் கொண்டுவந்து எழுது.

4. வேகம்–நேரம் வரைபடத்தில் ஒரு கோடு 0இலிருந்து 12 மீ/வி வரை 8 வினாடியில் நேராக ஏறுகிறது. கோட்டின் சரிவு எந்த அலகில் வரும்? கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு எந்த அலகில் வரும்?

5. 6 × 10⁻⁷ஐ 3 × 10⁸ஆல் வகு. (பள்ளியில் இன்னும் நடத்தவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.)

எது தப்பானது என்பதோடு, தப்பான விடை என்ன என்பதையும் எழுதுங்கள். எனக்கு அந்தத் தப்பான விடைதான் முக்கியம்.

ஏ மேத்ஸ் இல்லாமலே ப்யூர் பிசிக்ஸில் ஏ1 (உச்சத் தரம்) வாங்க முடியும். அதை விட்டாலும் குறையில்லை.

அலைநீளம்
15 அக்டோபர் 2025, காலை 7.25

அக்கா, பெரியவர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஒரேகன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் சூ, ஜேம்ஸ் ஷோம்பர்ட் இருவரும் 2010இல் தங்கள் மாணவர் பதிவுகளை அலசினார்கள். 800க்கு மதிப்பிடப்படும் எஸ்ஏடி (அமெரிக்கப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு) கணிதத் தாளில் ஏறக்குறைய 600க்குக் கீழே எடுத்தவர்கள், இயற்பியலிலும் கணிதத்திலும் உயர்ந்த தரப்புள்ளியோடு தேறுவது மிக அரிதாக இருந்தது. வரலாறு, ஆங்கிலம் போன்ற துறைகளில் அப்படி ஒரு வாசற்படி தென்படவில்லை. நுழைவு மதிப்பெண் குறைந்தவர்களும் அங்கே உழைத்து மேலே வந்திருக்கிறார்கள். ஆக, இயற்பியலுக்கு என்று கணக்கில் ஒரு குறைந்தபட்ச உயரம் இருக்கிறது.

நம் ஊரையும் பாருங்கள். 15 வயது மாணவர்களுக்கான பன்னாட்டுத் தேர்வான 2022 பீசாவில் சிங்கப்பூர் கணக்கில் 575, அறிவியலில் 561. இரண்டிலும் உலகில் முதலிடம். இரண்டும் சேர்ந்தே போகின்றன.

வெண்கட்டி
15 அக்டோபர் 2025, மதியம் 1.10

தம்பி, பீசாவை இதில் இழுக்காதீர்கள். அது நாட்டுச் சராசரி. நல்ல பள்ளி, நல்ல பாடத்திட்டம், டியூஷன் எல்லாம் சேர்ந்து இரண்டு எண்ணையும் ஒரே நேரத்தில் தூக்கும். ஒரு பிள்ளையின் கணக்கு அவளுடைய அறிவியலை எவ்வளவு தூக்கும் என்பது அதிலிருந்து தெரியாது.

ஒரேகன் ஆய்வு பல்கலைக்கழகத்தில் இயற்பியலையே முதன்மைப் பாடமாக எடுத்தவர்களைப் பற்றியது. இங்கே 14 வயதுப் பிள்ளையின் உயர்நிலை 3 பாடத்தைப் பற்றிப் பேசுகிறோம். 17 வயதில் எடுத்த மதிப்பெண்ணில் அதுவரை கிடைத்த பயிற்சியும் கலந்திருக்கிறது. குறை எது என்று கண்டு மூன்று ஆண்டுக்கு முன்பே சரிசெய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்தப் பதிவுகள் காட்டா.

இதைவிடப் பழைய ஆய்வு ஒன்று இந்தக் கேள்விக்கு நெருக்கமானது. ஹட்சன், மெக்கின்டைர் இருவரும் 1977இல் இயற்பியல் வகுப்பின் தொடக்கத்தில் இயற்கணிதம், திரிகோணமிதித் தேர்வு வைத்து, கடைசியில் வந்த மதிப்பெண்ணோடு ஒப்பிட்டார்கள். யார் தோற்பார்கள் என்பதை அந்தத் தேர்வு ஓரளவு நன்றாகக் காட்டியது. யார் ஜெயிப்பார்கள் என்பதை அந்த அளவுக்குக் காட்டவில்லை. கணக்கு இல்லாவிட்டால் நிச்சயம் சிக்கல், இருந்தால் மட்டும் போதாது. நான் நம்புவதும் இதைத்தான்.

அலைநீளம்
15 அக்டோபர் 2025, மதியம் 1.48

போதாது என்பதற்கு என்னிடமும் சான்று இருக்கிறது. ஹார்வர்டில் எரிக் மசூர் ஒரே தேர்வில் இரண்டு கேள்வி கொடுத்தார். ஒன்று, இரண்டு கண்ணி உள்ள மின்சுற்றில் மின்னோட்டம் கணக்கிடுவது. சமன்பாடு எழுதித் தீர்க்க வேண்டும். இன்னொன்று, ஒரே மாதிரியான மூன்று பல்புகள் தொடராக இருக்கின்றன, மூன்றாவதன் குறுக்கே ஒரு சுவிட்சு. அதை மூடினால் என்ன ஆகும்? இதில் எண்ணே கிடையாது. முதல் கேள்வியை நன்றாகப் போட்ட பலர் இரண்டாவதில் விழுந்தார்கள்.

மூடினால் மூன்றாவது பல்பு அணையும், மற்ற இரண்டும் கூடுதலாக ஒளிரும். ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்காக இருந்த மின்னழுத்தம் பாதியாகிறது, அதாவது ஒன்றரை மடங்கு. திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 2.25 மடங்கு. உண்மையான இழை பல்பில் இழை சூடேறி மின்தடையும் ஏறும், ஆகவே 2.25ஐ விடச் சற்றுக் குறையும். "மின்னோட்டம் முதல் பல்பிலேயே கொஞ்சம் செலவாகிவிடும்" என்று மனத்தில் வைத்திருக்கும் பிள்ளைக்கு எத்தனை சமன்பாடு தெரிந்தாலும் இது பிடிபடாது.

சோதனைக்குழாய்
15 அக்டோபர் 2025, இரவு 8.30

எல்லாரும் இயற்பியலையே பேசுகிறீர்கள். அந்தப் பிள்ளை ப்யூர் கெமிஸ்ட்ரியும் எடுக்கப் போகிறது. வேதியியலில் மதிப்பெண் கரைவது மோல் கணக்கில், அதுவும் விகிதத்தில்தான்.

தரம்பார்த்தல் (டைட்ரேஷன்) கணக்கு ஒன்று. 25.0 கன செ.மீ. சோடியம் ஹைட்ராக்சைடு பிப்பெட்டில் எடுத்தாயிற்று. லிட்டருக்கு 0.100 மோல் செறிவுள்ள கந்தக அமிலம் பியூரெட்டிலிருந்து 22.40 கன செ.மீ. இறங்கியிருக்கிறது. அமிலம் 0.00224 மோல். ஒரு மோல் கந்தக அமிலத்துக்கு இரண்டு மோல் காரம் வேண்டும், ஆகவே காரம் 0.00448 மோல். 0.0250 லிட்டரால் வகுத்தால் 0.179. தடுமாறும் பிள்ளை 0.0896 என்று எழுதும். விடை சரியாகப் பாதியாக வந்திருந்தால் 2:1ஐ விட்டுவிட்டது என்று அர்த்தம். 0.358 என்று வந்தால் இரண்டால் பெருக்குவதை இரண்டு முறை செய்திருக்கிறது. 0.000179 என்று வந்தால் கன செ.மீட்டரை லிட்டராக மாற்றவில்லை. தப்பான விடையைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம். வெண்கட்டி சார் தப்பான விடையைக் கேட்டது மிகச் சரி.

அமிலத்தன்மை அளவான பிஎச்சைப் பிள்ளைகள் அடிக்குச்சி மாதிரி நினைத்துவிடுகிறார்கள். 3க்கும் 4க்கும் இடையே பத்து மடங்கு வித்தியாசம். பிஎச் 3, பிஎச் 5 உள்ள இரண்டு வலிய அமிலக் கரைசல்களைச் சம அளவில் கலந்தால் 4 வராது, ஏறக்குறைய 3.3 வரும். ஜேசிக்கு (உயர்நிலைக்கு அடுத்த தொடக்கக் கல்லூரி) போன பிள்ளைகளும் இதில் 4 என்று எழுதுவதுண்டு.

ஈசூன் அம்மா
16 அக்டோபர் 2025, இரவு 10.05

ஐந்தும் கொடுத்தேன். 1: "இரண்டு மடங்கு." 2: 0.03. 3: சரி, வர்க்கமூலம் போட்டு ஒழுங்காக எழுதினாள். 4: அலகு இரண்டும் சரி. 5: இன்னும் நடத்தவில்லையாம்.

கணக்குத் தாளில் 42இல் பாதிக்கு மேல் கோணங்களிலும் நிகழ்தகவிலும் போயிருக்கிறது. விகிதத்தில் 9 மார்க், மீதி கவனக்குறைவு.

வெண்கட்டி
16 அக்டோபர் 2025, இரவு 11.20

நல்ல செய்தி, அம்மா. இயற்கணிதம் நன்றாக இருக்கிறது. வேகத்தைத் தனியாக்கத் தெரிந்த பிள்ளைக்கு, வேகம் இரண்டு மடங்கானால் என்ன ஆகும் என்பது தெரியவில்லை. சூத்திரத்தைக் கையாளத் தெரிகிறது, அது எப்படி வளர்கிறது என்று பார்க்கத் தெரியவில்லை. முதல் கேள்வியிலும் இரண்டாவதிலும் குறை ஒன்றேதான்: வர்க்கம் வந்த இடத்தில் நேர்விகிதத்தை வைத்துவிட்டாள்.

முதலாவதுக்கு விடை 4. இரண்டாவதுக்கு 0.0003. ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் ஒரு வரிசைக்கு 100 கட்டம், அப்படி 100 வரிசை. 10,000 சதுர செ.மீ. சேர்ந்தால்தான் ஒரு சதுர மீட்டர். அவள் 100ஆல் வகுத்திருக்கிறாள்.

சொல்லிக் கொடுத்தால் மறந்துவிடும், வரையச் சொல்லுங்கள். கட்டத்தாளில் ஒரு கட்டம். பக்கத்தை இரட்டிப்பாக்கு, எத்தனை கட்டம்? மூன்று மடங்காக்கு? பிறகு கனசதுரம்: சீனிக்கட்டியோ லெகோவோ வைத்து 2 × 2 × 2 அடுக்கட்டும். அதற்குப் பிறகு பிரேக் கேள்விக்குத் திரும்புங்கள். 30 கி.மீ. வேகத்தில் 9 மீட்டரில் நிற்கும் கார், 60இல் 36 மீட்டரில் நிற்கும், 90இல் 81 மீட்டரில் நிற்கும். 9, 36, 81 என்ற மூன்று எண்ணிலும் ஒளிந்திருக்கும் 1, 4, 9ஐ அவளே கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொரு பழக்கம்: விடை வந்ததும் அது நடக்கக்கூடியதா என்று கேட்பது. சிங்கப்பூர் ஃபிளையரின் சக்கரம் 150 மீட்டர் விட்டம், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 30 நிமிடம். மையநோக்கு முடுக்கம் சரியாகப் போட்டால் 0.0009 மீ/வி² வரும், புவியீர்ப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 30 நிமிடத்தை 30 வினாடி என்று போட்டுவிட்டால் 3.3 வரும், புவியீர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு. அப்படிச் சுழன்றால் உள்ளே ஒருவரும் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. அந்த 3.3ஐப் பார்த்ததும் பிள்ளைக்கு உறுத்த வேண்டும். இது உயர்நிலை 3க்கு மேலே உள்ள கணக்கு, ஆனால் உறுத்தலை இப்போதே பழக்கலாம்.

ஜூரோங் பொறியாளர்
17 அக்டோபர் 2025, மாலை 6.15

அண்ணே, "ஏ மேத்ஸை விட்டாலும் குறையில்லை" என்று 14ஆம் தேதி எழுதியிருக்கிறீர்கள். அதை ஏற்க முடியவில்லை. உயர்நிலை 4 வரைக்கும் சரி. அதற்குப் பிறகு?

ஜேசியில் படிக்கும் எச்2 இயற்பியலில் முதல் ஆண்டிலேயே கோணம் ரேடியனுக்கு மாறுகிறது. சீரிசை இயக்கக் கணக்கில் கால்குலேட்டர் டிகிரியில் இருந்தால் எல்லாம் போயிற்று: 0.5 ரேடியனுக்கு சைன் 0.479, டிகிரியில் விட்டால் 0.0087. எதிர்த்திசையிலும் இதே கதைதான். ரேடியனில் விட்டுவிட்டுச் சாய்தளத்துக்கு சைன் 30 போட்டால் −0.988 வரும், 0.5க்குப் பதில். பிறகு மின்தேக்கி மின்னிறக்கம். 100 கிலோ ஓம், 470 மைக்ரோ ஃபாரட் என்றால் நேர மாறிலி 47 வினாடி. மின்னழுத்தத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால் வளைகோடு, அதிலிருந்து 47ஐ எடுப்பது கஷ்டம். மின்னழுத்தத்தின் இயற்கை மடக்கையை வரைந்தால் நேர்க்கோடு, சரிவு −1/47. வளைகோட்டை நேர்க்கோடாக்கும் இந்த வித்தையை ஏ மேத்ஸில்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். எச்2 கணிதப் பாடத்திட்டமோ, பிள்ளைக்கு ஏ மேத்ஸ் தெரியும் என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறது.

வரைபடம் என்றதும் ஊசல் சோதனை. இதில் கணக்கு எங்கே கைகொடுக்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நூலின் நீளத்தை 20 செ.மீட்டரிலிருந்து 100 வரை மாற்றி, ஒவ்வொன்றுக்கும் 20 அலைவு நேரம் எடுக்கிறோம். 20 எடுப்பதன் காரணம், கை தாமதம் 0.2 வினாடி என்றால் அது ஓர் அலைவுக்கு 0.01ஆகச் சுருங்கும். அலைவு நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைந்தால் நேர்க்கோடு, சரிவு 4.02. இப்போது பிள்ளை நீளத்தைக் குண்டின் நடுவரை அளக்காமல் குண்டின் மேல்விளிம்பு வரை அளந்துவிட்டது. குண்டின் ஆரம் 1 செ.மீ. எல்லா நீளமும் 1 செ.மீ. குறைவு. கோடு தொடக்கப் புள்ளி வழியாகப் போகாமல் 0.04 உயரத்தில் வெட்டும். ஆனால் சரிவு மாறாது! ஈர்ப்பு முடுக்கம் 9.81 சரியாகவே கிடைக்கும்.

"கோடு பூஜ்யம் வழியாகத்தானே போக வேண்டும்" என்று சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, ஸ்கேலைப் பூஜ்யத்தில் வைத்து அழுத்திக் கோடு போடும். சரிவு 4.08 ஆகும், விடை 9.68 ஆகும். கோட்டைப் புள்ளிகளின் போக்கில் விட்ட பிள்ளைக்கு 9.81ம் கிடைக்கும், தன் அளவு 1 செ.மீ. பிசகியிருக்கிறது என்ற செய்தியும் கிடைக்கும். இரண்டு பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு ஒன்றே. வெட்டுத்துண்டு என்ன சொல்கிறது என்று கேட்கத் தெரிந்தது ஒருவருக்கு மட்டும்.

வெண்கட்டி
17 அக்டோபர் 2025, இரவு 9.30

ஒப்புக்கொள்கிறேன். 14ஆம் தேதி எழுதிய கடைசி வரிகளை இப்படித் திருத்திக்கொள்ளுங்கள்: ஏ மேத்ஸ் இல்லாமல் உயர்நிலை இயற்பியலில் நன்றாகச் செய்யலாம். ஜேசி வழியாகப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலோ பொறியியலோ படிக்க எண்ணம் இருந்தால் ஏ மேத்ஸ் இல்லாமல் போவது பெரும் சுமை. பலதுறைத் தொழிற்கல்லூரி வழி வேறு. அங்கே பல பொறியியல் படிப்புகளுக்கு ஈ மேத்ஸ் (எல்லாரும் படிக்கும் அடிப்படைக் கணக்கு), ஏ மேத்ஸ் இரண்டில் எது இருந்தாலும் ஏற்கிறார்கள், முதலாண்டில் பொறியியல் கணிதம் நடத்துகிறார்கள். ஆனால் அந்த வகுப்பின் வேகத்தில் ஏ மேத்ஸ் படித்தவனுக்கு மூச்சு வாங்காது, படிக்காதவனுக்கு வாங்கும்.

ஊசல் விளக்கம் அருமை. ஒன்று சேர்க்கிறேன்: கோட்டின் சரிவு எடுக்கும்போது அளந்த புள்ளிகளையே எடுத்துக் கழிப்பார்கள். கோட்டின் மேல், ஒன்றுக்கொன்று தூரமாக இருக்கும் இரண்டு இடங்களை எடுக்க வேண்டும். பாதிக் கோட்டுக்கும் குறைவான முக்கோணம் போட்டால் செய்முறைத் தேர்வில் மார்க் போகும்.

அலைநீளம்
18 அக்டோபர் 2025, காலை 11.05

பல்புக் கேள்வியை வைத்து "கணக்கு வேறு, கருத்து வேறு" என்று யாராவது முடிவு கட்டிவிடுவார்களோ என்று இரண்டு நாளாக மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. டேவிட் மெல்ட்சர் 2002இல் மின்னியல் வகுப்புகளில் பார்த்தது நேர் எதிராக இருந்தது. எண்ணே இல்லாத கருத்துக் கேள்விகளில் மாணவர்கள் எவ்வளவு முன்னேறினார்கள் என்பது, அவர்கள் வகுப்புக்கு வரும்போது வைத்திருந்த மின்னியல் அறிவோடு ஒட்டவில்லை. தொடக்கக் கணிதத் தேர்வு மதிப்பெண்ணோடு ஒட்டியது. ஆக, கணக்கு கருத்தையும் எங்கோ தூக்கிப் பிடிக்கிறது. எப்படி என்று எனக்குத் தோன்றுவது: "இது ஏறினால் அது இறங்கும், வர்க்கமாக இறங்கும்" என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பதே கருத்தைப் புரிந்துகொள்வதில் பாதி.

பெரியவரிடம் சொல்ல மைக்கேல் ஃபாரடே இருக்கிறார். பள்ளிக் கணிதமே அதிகம் படிக்காதவர், 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டார். 1857இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெலுக்கு எழுதிய கடிதத்தில், கணித அறிஞர்கள் தங்கள் முடிவுகளைச் சாதாரண மொழியிலும் சொல்லக் கூடாதா என்று கேட்கிறார்.

ஜூரோங் பொறியாளர்
18 அக்டோபர் 2025, மதியம் 12.20

ஃபாரடேயைக் கணக்கு தெரியாதவர் பட்டியலில் சேர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. அவருடைய மின்னாற்பகுப்பு விதியை எடுத்துப் பாருங்கள்: படியும் பொருளின் நிறை, செலுத்திய மின்னூட்டத்துக்கு நேர்விகிதம். முழுக்க முழுக்க விகிதம். அவருக்கு இல்லாதது சமன்பாடு எழுதும் பயிற்சி. விகிதத்தில் அவர் புலி. நம் பிள்ளைக்கு நிலைமை தலைகீழ், குறியீடு வருகிறது, விகிதம் உட்காரவில்லை. அதனால் ஃபாரடேயைக் காட்டி ஆறுதல் சொல்லாதீர்கள், அவரிடமிருந்து விகிதத்தைக் கற்கச் சொல்லுங்கள்.

அலைநீளம்
18 அக்டோபர் 2025, மதியம் 12.41

சரிதான் அண்ணே, அப்படி நான் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் புலக்கோடுகளைப் படமாக வரைந்தே முன்னே போக இடமிருந்தது. இன்று பல்கலைக்கழகத்தில் குவாண்டம் வகுப்பில் காலடி வைத்தாலே கலப்பெண், அணி, வகையீட்டுச் சமன்பாடு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த இருவரையே எடுத்துக்கொள்ளலாம். ராமன் சோதனைச்சாலைக்காரர், 1930இல் நோபல். அவர் அண்ணன் மகன் சந்திரசேகர் அதே 1930இல், 19 வயதில், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் வெண்குறு விண்மீனின் எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்று கணக்கிட்டார், இன்றைய மதிப்பில் அது சூரியனைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு. அதற்கு நோபல் 1983இல் வந்தது. சந்திரசேகர் கணக்காலேயே விண்மீனைத் தொட்டவர். ராமனும் வயலின் தந்தியின் அதிர்வைக் கணக்குப் போட்டுத்தான் ஆராய்ந்தார். சோதனைக்காரருக்குக் கணக்கு வேண்டாம் என்பது வெறும் பேச்சு.

சோதனைக்குழாய்
18 அக்டோபர் 2025, இரவு 9.15

விகிதம் ஏன் உட்காரவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தொடக்கப்பள்ளியில் எல்லாக் கணக்கையும் பட்டை வரைந்து போடக் கற்றுக்கொடுக்கிறோம். 1980களிலிருந்து நம் பாடத்திட்டத்தின் முதுகெலும்பு அது, நல்ல முறை. ஆனால் பட்டை நீளத்தை மட்டும் காட்டும். "இரண்டு மடங்கு" என்றதும் பிள்ளையின் கை இரண்டு பட்டை வரைந்துவிடுகிறது. வர்க்கம் வந்தால் பட்டை போதாது, சதுரம் வரைய வேண்டும். வெண்கட்டி சார் சொன்ன கட்டத்தாள் அந்த இடத்துக்குத்தான் மருந்து.

இன்னொன்று மொழி. ஆங்கிலக் கேள்வியில் "மூன்று மடங்கு கூடியது" என்பதற்கும் "மூன்று மடங்கானது" என்பதற்கும் பிள்ளைகள் ஒரே விடை எழுதுகிறார்கள். வீட்டில் தமிழில் பேசும்போது கேட்டுப் பாருங்கள்: "5 எத்தனை கூடி 15 ஆனது? 5 எத்தனை மடங்காகி 15 ஆனது?" முதலாவதுக்குப் பத்து, இரண்டாவதுக்கு மூன்று. கூடுதலும் மடங்கும் வேறு என்பது நாக்கில் பழகினால் தாளிலும் பழகும். சமையல்கட்டில் இதற்குப் பஞ்சமில்லை. நான்கு பேருக்கு உப்பு ஒரு கரண்டி என்றால் பத்துப் பேருக்கு? அதே மாவில் தோசையின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால், தடிப்பு அதேதான் என்றால், மாவு எத்தனை மடங்கு?

ஈசூன் அம்மா
18 அக்டோபர் 2025, இரவு 9.40

தோசைக்கு நானே இரண்டு என்று சொல்லிவிட்டேன். அவள்தான் நான்கு என்று திருத்தினாள், கட்டத்தாள் வேலை செய்கிறது.

தீபாவளி முடிந்ததும் படிவம் கொடுக்க வேண்டும். பொருளறிவியல் படிக்க ஆசை என்கிறாள், ஜேசியா தொழிற்கல்லூரியா என்று முடிவாகவில்லை. ஏ மேத்ஸ் போடுவதா வேண்டாமா? விடுமுறையில் என்ன செய்யட்டும்?

வெண்கட்டி
21 அக்டோபர் 2025, காலை 8.50

போடுங்கள். காரணம் இரண்டு. பொருளறிவியல் என்றால் இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் வேண்டும். அடுத்தது, எடுத்த ஏ மேத்ஸை ஒத்துவராவிட்டால் விடுவது சுலபம், எடுக்காததை ஆண்டின் நடுவில் சேர்ப்பது கடினம். இரண்டுக்கும் உங்கள் பள்ளியின் விதி என்ன, கடைசித் தேதி என்ன என்று படிவம் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அவளுடைய இயற்கணிதம் மோசமாக இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஏ மேத்ஸ் பிள்ளைகளை வீழ்த்துவது பெரும்பாலும் இயற்கணிதத்தில்தான், அது அவளிடம் இருக்கிறது.

விடுமுறை ஏறக்குறைய ஆறு வாரம். ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும், வாரம் ஐந்து நாள்.

முதல் இரண்டு வாரம் விகிதம் மட்டும். நேர்விகிதம், எதிர்விகிதம், வர்க்கம், எதிர்வர்க்கம். எண்ணைப் போட்டுக் கணக்கிடாமல் "எத்தனை மடங்கு" என்று மட்டும் விடை சொல்ல வேண்டும். மூன்றாம் வாரம் அலகு: சதுர செ.மீ., கன செ.மீ., கிராம்/கன செ.மீ.ஐ கிலோ/கன மீட்டராக மாற்றுவது, கி.மீ./மணியை மீ/விநாடியாக மாற்றுவது. ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதியே தீர வேண்டும், கடைசி வரியில் மட்டும் எழுதினால் பயனில்லை. நான்காம் வாரம் பத்தின் அடுக்குகள், கால்குலேட்டர் இல்லாமல். ஐந்தாம் வாரம் வரைபடம்: சரிவு எதைச் சொல்கிறது, பரப்பு எதைச் சொல்கிறது, வெட்டுத்துண்டு எதைச் சொல்கிறது. பேருந்தில் போகும்போது வேகம்–நேரம் வரைபடத்தை விரலால் காற்றில் வரையட்டும், நிறுத்தத்துக்கு நிறுத்தம். ஆறாவது வாரம் முதல் ஐந்தில் சறுக்கியது எதுவோ அது.

சாய்தளத்தில் சைனா கோசைனா என்று திணறும் நாள் அடுத்த ஆண்டுகளில் வரும். அன்றைக்கு ஒரு வழி: கோணத்தைப் பூஜ்யமாக்கிப் பார். தரை மட்டமாகிவிட்டால் பொருள் வழுக்காது, வழுக்கும் விசை பூஜ்யமாக வேண்டும், ஆக சைன். மனப்பாடம் தேவையில்லை.

டியூஷன் சேர்ப்பதானால் முழுப் பாடத்துக்கும் சேர்க்காதீர்கள், இந்த ஓட்டையை மட்டும் அடைத்துத் தரச் சொல்லுங்கள்.

முதல் வாரத்துக்கு ஒரு கேள்வி: ஒரு கம்பியின் மின்தடை நீளத்துக்கு நேர்விகிதம், குறுக்குவெட்டுப் பரப்புக்கு எதிர்விகிதம். அதே உலோகத்தில், நீளம் இரண்டு மடங்கு, விட்டம் பாதி உள்ள கம்பிக்கு மின்தடை எத்தனை மடங்கு?

அலைநீளம்
21 அக்டோபர் 2025, காலை 9.30

15ஆம் தேதி வாசற்படி என்று எழுதியதில் ஒரு திருத்தம். 600 என்ற எண்ணை உயர்நிலை 2 மார்க்கோடு ஒப்பிட வழியே இல்லை. அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஈசூன் அம்மா
23 அக்டோபர் 2025, இரவு 10.15

படிவம் கொடுத்தாயிற்று. இயற்பியல், வேதியியல், ஏ மேத்ஸ் மூன்றும்.

கம்பிக் கேள்விக்கு எட்டு மடங்கு என்றாள். விட்டம் பாதியானால் பரப்பு கால் பங்கு, அதனால் நான்கு மடங்கு, நீளத்துக்கு இன்னும் இரண்டு என்று கட்டம் வரைந்து காட்டினாள். பிறகு அவளே ஒன்று கேட்டாள், எனக்குத் தெரியவில்லை: "வேறு கம்பி வாங்காமல், இருக்கிற கம்பியையே இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்துவிட்டால்?"

வெண்கட்டி
23 அக்டோபர் 2025, இரவு 10.32

அருமையான கேள்வி. விடையைச் சொல்லிவிடாதீர்கள் அம்மா. இழுக்கும்போது கம்பியில் உள்ள உலோகம் கூடுமா குறையுமா என்று மட்டும் கேளுங்கள். கூடவே ரப்பர் மாவை உருட்டி, கையால் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.